முகம் தெரியாதவர் அனுப்பும் படமும் எங்கள் பிழைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படக்கோப்புகள் வழியாகக் கைபேசியையும் கணினியையும் கைப்பற்ற முடியும் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தியைப் படித்தேன். செய்தி உண்மைதான். அதைத் தமிழில் எழுதியதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் வாசகர்களுக்கு நீங்கள் சொன்ன ஒரே யோசனை, ‘முகம் தெரியாதவர்கள் அனுப்பும் படங்களைத் திறக்காதீர்கள்’ என்பது. அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. அது யாரையும் காப்பாற்றாது என்பதையும், அந்த இடத்தில் வேறு எதை எழுதியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லவே இந்தக் கடிதம். சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொழிஞ்சாம்பாறையில் நகலகமும் டி.டி.பி. நிலையமும் நடத்துகிறேன். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம் எங்களுடையது. வீட்டில் பேசுவது தமிழ், அரசாங்கக் காகிதம் பெரும்பாலும் மலையாளம், இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம் ஆங்கிலம். மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் மக்களுக்கு என் கடை போன்ற கடைகள்தான் வழி. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் வருவது படம்தான். பாஸ்போர்ட் அளவு படம், ஆதார் நகல், நிலவரி ரசீதைக் கைபேசியில் எடுத்த படம், பொள்ளாச்சி மருத்துவமனையில் கொடுத்த ஸ்கேன் அறிக்கை. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு 150க்கு 200 பிக்சல் அளவில், 30 கே.பி.க்கு மிகாமல், கீழே பெயரும் படம் எடுத்த தேதியும் அச்சிட்டுத் தர வேண்டும். அவர்கள் படத்தைப் பென் டிரைவில் கொண்டுவருகிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், மின்னஞ்சலில் போடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். முகம் தெரியாதவர் கொடுக்கும் படத்தைத் திறப்பதுதான் எங்கள் தொழிலே. அதைச் செய்யாதே என்றால் கடையை மூடு என்று பொருள்.

கேரள அரசின் இணையச் சேவை மையங்களான அட்சயா மையங்களிலும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் இ-சேவை மையங்களிலும் உட்கார்ந்திருப்பவர்களின் நிலையும் இதுதான். பள்ளி அலுவலகத்தில், வங்கியில், வக்கீல் குமாஸ்தாவின் மேசையில், ஏன் தங்கள் நாளிதழின் செய்திப் பிரிவில்கூட, நாள் முழுவதும் தெரியாதவர்களின் படங்களைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று அந்த யோசனையில் உண்டு. படத்தை ‘திறக்க’ வேண்டிய தேவையே பல நேரங்களில் கிடையாது. ஒருவர் சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவைக் கழற்றி நீட்டுகிறார். உள்ளே இருநூறு படங்கள். எல்லாவற்றுக்கும் கேமரா வைத்த பெயர், அதன் பின்னால் ஓர் எண். எது அவருடைய படம் என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கோப்புறையைச் சிறுபடங்களாக விரித்து, முகம் பார்த்துத்தான் தேட வேண்டும். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, ‘இன்னும் கீழே, இன்னும் கீழே, அதோ நீலச் சட்டை’ என்பார். அந்தச் சிறுபடங்களை நமக்குக் காட்டுவதற்காகவே விண்டோஸ் ஒவ்வொரு கோப்பையும் தானே பிரித்துப் படித்து வரைகிறது. நான் ஒன்றையும் சொடுக்கவில்லை; ஆனால் வரிசையாக எல்லாக் கோப்புகளும் உள்ளே படிக்கப்பட்டுவிட்டன. கோப்புகளில் ஒன்று கெட்ட எண்ணத்தோடு செய்யப்பட்டதாக இருந்து, படிக்கிற மென்பொருளில் ஓட்டையும் இருந்தால், அந்த நேரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

இது கற்பனை அல்ல. 2005 டிசம்பர் கடைசி வாரத்தில் உலகம் முழுவதும் இது நடந்தது. விண்டோஸில் டபிள்யூ.எம்.எஃப். என்று ஒரு பழைய படக்கோப்பு வகை உண்டு. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், கணினிகள் பெரும்பாலும் தனித்தனியாக இருந்த காலத்தில் புழக்கத்துக்கு வந்தது. அதில் படத்தை வரைவதற்கான கட்டளைகள்தான் வரிசையாக இருக்கும். அச்சிடும் வேலையை நடுவில் நிறுத்த நேர்ந்தால் எந்த நிரலை, அதாவது எந்தக் கட்டளைத் தொகுப்பை, இயக்க வேண்டும் என்று சொல்லவும் ஒரு கட்டளை இருந்தது. அதோடு தன் சொந்த நிரலைச் சேர்த்து ஒருவன் கோப்பு தயாரித்தால், விண்டோஸே அதை எடுத்து இயக்கிவிடும். கோப்பின் பெயரை ஜே.பி.ஜி. என்று மாற்றிவைத்தாலும் பயனில்லை; விண்டோஸ் உள்ளே பார்த்து, இது டபிள்யூ.எம்.எஃப். என்று கண்டுகொண்டு அப்படியே வரைந்தது. கோப்புறையைச் சிறுபடங்களாகப் பார்த்தாலே போதும். அப்போது பலரும் வைத்திருந்த கூகுள் டெஸ்க்டாப் என்ற தேடல் மென்பொருள் பின்னணியில் கோப்புகளைப் பட்டியலிடும்போது, கணினி முன்னால் ஆள் இல்லாமலேகூட ஓட்டை திறந்துகொண்டது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, அதாவது நாம் அப்டேட் என்பதை, மைக்ரோசாஃப்ட் தருவதற்குள் இல்ஃபாக் கில்ஃபானோவ் என்ற நிரலாளர் தாமே ஒரு தற்காலிகத் திருத்தம் எழுதிப் பொதுமக்களுக்குக் கொடுத்தார். ஜனவரி 10 அன்று தருவதாக இருந்த அதிகாரபூர்வத் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2006 ஜனவரி 5 அன்றே வெளியிட்டது. தெரியாதவர் படத்தைத் திறக்காமல் இருந்தவர்களை அந்த எச்சரிக்கை காப்பாற்றவில்லை. அந்தத் திருத்தம்தான் காப்பாற்றியது.

ஒரு படத்துக்குள் எப்படி இவ்வளவு விஷமம் இருக்க முடியும் என்று வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது 2004இல் விண்டோஸில் வெளிப்பட்ட பிழையைத்தான்; அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஜே.பி.ஜி. கோப்பில் படத்தோடு ஒரு சிறு குறிப்பையும் எழுதிவைக்க இடம் உண்டு. குறிப்பின் தலைப்பில் அதன் நீளம் இரண்டு பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். அந்த இரண்டு பைட்டுகளையும் சேர்த்ததுதான் நீளம். ஆகவே குறிப்பில் ஒன்றுமே எழுதாவிட்டாலும் நீளம் 2. அதற்குக் குறைய முடியாது. படிக்கிற மென்பொருள் அந்த 2ஐக் கழித்துவிட்டு, மீதி எத்தனையோ அத்தனை பைட்டுகளைப் பிரதி எடுக்கும். ஒருவன் வேண்டுமென்றே அந்த இடத்தில் 1 என்று எழுதிவைத்தால் என்ன ஆகும்? ஒன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் நமக்குக் கிடைப்பது கழித்தல் ஒன்று. மென்பொருளோ அந்த இடத்தில் கழித்தல் எண்களை வைத்துக்கொள்ளவில்லை. அதை ஏறத்தாழ 429 கோடி என்று எடுத்துக்கொண்டது. அவ்வளவையும் பிரதி எடுக்கப் புறப்பட்டு, தனக்கு ஒதுக்கிய நினைவிடத்தைத் தாண்டி, பக்கத்தில் இருந்த மற்றவற்றின் மேல் எழுதத் தொடங்கியது. அப்படி மேலே எழுதப்படுவது எது என்பதைக் கோப்பைத் தயாரித்தவன் தீர்மானிக்கிறான். சீட்டில் எழுதியிருக்கும் எடையை நம்பி, லாரியை எடை மேடையில் ஏற்றாமலேயே சோதனைச் சாவடியைத் தாண்ட விடுவது போன்றது இது. எல்லையில் வாழ்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் மேலே விளக்கம் தேவைப்படுவதில்லை.

நெட்ஸ்கேப் உலாவியில் இதே பிழையை 2000ஆம் ஆண்டிலேயே சோலார் டிசைனர் என்ற புனைபெயரில் எழுதும் பாதுகாப்பு நிபுணர் கண்டுபிடித்து விளக்கியிருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2004 செப்டம்பர் 14 அன்று, விண்டோஸின் ஜி.டி.ஐ. பிளஸ் என்ற வரைகலை நூலகத்தில் அதே தவற்றை மைக்ரோசாஃப்ட் திருத்தியது. நூலகம் என்பது பல மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு. நீளம் இரண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கோப்பை ஏற்காதே என்பதுதான் செய்ய வேண்டியிருந்த சோதனை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். இவ்வளவு சிறிய சோதனைக்குப் பிறகும் மக்கள் மாதக்கணக்கில் ஆபத்தில் கிடந்தார்கள். காரணம், அந்த நூலகம் விண்டோஸில் மட்டும் இருக்கவில்லை. ஆபீஸ் தொகுப்பில் ஒரு பிரதி, வேறு நிறுவனங்களின் படம் திருத்தும் மென்பொருள்களில் ஒவ்வொரு பிரதி என்று ஒரே கணினியில் பல இடங்களில் அது கிடந்தது. விண்டோஸைத் திருத்திய பிறகும் மற்றப் பிரதிகளில் ஓட்டை அப்படியே இருந்தது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் இதே நிலைமை திரும்பவும் வந்தது. வெப்பி என்ற படவகையைப் படிக்கும் லிப்வெப்பி நூலகத்தில் ஓட்டை. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பிக்கொள்ளும் ஸ்டிக்கர்கள் இந்த வகைப் படங்கள்தான். ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவும் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் என்ற ஆய்வகமும் செப்டம்பர் 6 அன்று தகவல் கொடுத்தன. குரோம் உலாவியில் செப்டம்பர் 11 அன்று திருத்தம் வந்தது. மறுநாளே ஃபயர்ஃபாக்ஸும் திருத்தியது. ஐந்து நாட்களில் திருத்தம் தயார் என்பது பாராட்ட வேண்டிய வேகம். ஆனால் அதே நூலகத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டிருந்த மற்ற மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே புதிய பதிப்பு வெளியிட வேண்டியிருந்தது. செய்தி பரிமாறும் செயலிகளான ஸ்லாக், சிக்னல், டீம்ஸ் என்று அந்தப் பட்டியல் நீண்டது. அப்போது தமிழ் நாளிதழ்களில் இதைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. வந்திருந்தால், குறைந்தபட்சம் குரோமை மூடித் திறக்கவாவது பல கடைக்காரர்கள் முனைந்திருப்பார்கள். குரோமில் திருத்தம் தானாக இறங்கிவிடும். மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வரும். எங்கள் கடைகளிலோ குரோம் காலையில் திறந்தது இரவுவரை மூடப்படுவதில்லை. கணினியை அணைக்காமல் உறங்க விட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர்.

படத்தைப் போலவே எழுத்துருவும் ஆபத்தானது என்பது வெளியே அதிகம் தெரியாத விஷயம். டி.டி.பி. தொழிலில் இருக்கிற நாங்கள் இதைக் கட்டாயம் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்றால் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். பெண் வீட்டார் பொள்ளாச்சியில் ஒரு மாதிரியைப் பார்த்துவிட்டு வந்து, ‘மாப்பிள்ளை பெயர் இதே எழுத்தில் வர வேண்டும்’ என்பார்கள். அந்த எழுத்துரு என்னிடம் இருக்காது. பொள்ளாச்சி அச்சகத்திலிருந்து ஒருவர் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பார். மலையாள எழுத்து பாலக்காட்டிலிருந்து வரும். எழுத்துரு எங்கே உருவானது, யார் யார் கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டு, கேரளத்து அச்சுத் தொழில் பல ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. ஓர் எழுத்துருக் கோப்புக்குள் ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் எந்த அளவில் எப்படித் தீட்ட வேண்டும் என்ற சிறு சிறு கட்டளைகள் இருக்கின்றன. அதைப் படிக்கும் வேலையை விண்டோஸ் எங்கே வைத்தது தெரியுமா? 1996இல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0 முதல், வேகம் கருதி, வரைகலை வேலையின் பெரும்பகுதியைக் கருவகத்துக்குள்ளேயே, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நடு இடத்திலேயே வைத்தார்கள். எழுத்துருவைப் படிப்பதில் பிழை நேர்ந்தால் போவது ஒரு மென்பொருள் மட்டுமல்ல, முழுக் கணினியும்.

2011இல் கண்டுபிடிக்கப்பட்ட டூக்கூ என்ற வேவு நிரல் இந்த வழியில்தான் நுழைந்தது. ஒரு வேர்டு ஆவணம். அதற்குள் வைத்த, ட்ரூடைப் என்ற வகையைச் சேர்ந்த ஓர் எழுத்துரு. அந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2011 டிசம்பர் 13 அன்று அடைத்தது. 2020 மார்ச் 23 அன்று இன்னோர் எச்சரிக்கை வந்தது. விண்டோஸில் எழுத்துருக்களைக் கையாளும் அடோபி டைப் மேனேஜர் நூலகத்தில் ஓட்டை, திருத்தம் இன்னும் தயாராகவில்லை, அதுவரை கோப்புறையின் பக்கத்தில் முன்னோட்டம் காட்டும் பகுதியை அணைத்துவையுங்கள் என்றார்கள். ஏப்ரல் 14 அன்று திருத்தம் வந்தது. ஆனால் அதே ஆண்டு ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்துவிட்டிருந்தது. காசு கட்டி நீட்டிப்பு வாங்கிய நிறுவனங்களுக்கு மட்டுமே அந்தத் திருத்தம் கிடைத்தது. ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்தபோது, எழுத்துரு வாங்கிப் போடுவதையே தொழிலாகக் கொண்ட எத்தனையோ சிறு அச்சகங்களில் இருந்தது திருத்தம் பெறாத அதே விண்டோஸ் 7தான். விண்டோஸ் 10இல் எழுத்துருவைப் படிக்கும் வேலையைக் கருவகத்திலிருந்து பிரித்து, அதிகாரம் குறைந்த தனி இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு மாற்றத்துக்காகவே பழைய கணினியை விட்டு வெளியே வந்திருக்கலாம். யார் எங்களிடம் சொன்னார்கள்?

அப்டேட் செய்யாததற்குக் கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மாலை, வரிசையில் ஆட்கள் நிற்கும்போது, ‘மறுதொடக்கம் செய்யப்படுகிறது, அணைக்க வேண்டாம்’ என்று திரை சுற்றிக்கொண்டிருந்தால் யாருக்கும் கோபம் வரும். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் போய்ப் போய் வரும். திருத்தமே தொல்லை கொடுத்த நாட்களும் உண்டு. 2021 மார்ச் மாத அப்டேட்டுக்குப் பிறகு சில வகை அச்சு இயந்திரங்களுக்கு அச்சுக் கட்டளை கொடுத்ததும் விண்டோஸ் 10 நீலத்திரை காட்டி நின்றுபோனது. அச்சிட்டால்தான் வருமானம் என்றிருக்கிற கடைக்கு அது எவ்வளவு பெரிய அடி! மைக்ரோசாஃப்ட் அதே மாதம் 15ஆம் தேதி மாற்றுத் திருத்தம் கொடுத்தது. ஆனால் நீலத்திரையைப் பார்த்தவர்கள் அதற்குள் அப்டேட்டையே அணைத்துவிட்டார்கள். மாற்றுத் திருத்தம் வந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. அணைத்தது அணைத்தபடியே கிடக்கிறது.

கணினியைப் பொருத்திக் கொடுப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் போட்டுக் கொடுக்கும்போதே அப்டேட்டை நிறுத்திவிட்டு, ‘இனிமேல் தொந்தரவு இருக்காது, வேகமாக ஓடும்’ என்று உபகாரம் செய்ததுபோல் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எங்கள் பகுதியில் பலர். உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டிருப்பதால், அப்டேட் வந்தால் குட்டு வெளிப்படுமோ என்ற பயம் சிலருக்கு. வாடிக்கையாளர் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கமும் அந்தக் கணினியில்தான் ஸ்கேன் ஆகின்றன. ஒரு விதவைத் தாயின் ஓய்வூதிய விண்ணப்பத்தை அதில்தான் அடித்துக் கொடுக்கிறோம். வேகம் என்ற பெயரில் இந்த மக்களைத் திறந்த வீட்டில் உட்கார வைப்பது பெரிய அநியாயம். இதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருத்தம் வந்தும் போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் 2017 மே 12 அன்று பரவத் தொடங்கியது. அது வரைகலை ஓட்டை அல்ல, கோப்புப் பகிர்வு வழியில் இருந்த ஓட்டை. ஆனால் பாடம் ஒன்றுதான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. வயநாடு மாவட்டத்தில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள் பூட்டிக்கொண்டன. பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தின் கணினிகளும் பாதிக்கப்பட்டன. ஆந்திரத்தில் காவல் துறைக் கணினிகள் மாட்டிக்கொண்டன. இரண்டு மாதங்களில் ஒரு நாள், யாராவது ஒருவர் அந்த அறையில் அப்டேட் பொத்தானை அழுத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

கேரளப் பள்ளிகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்று உண்டு. இங்கே அரசுப் பள்ளிக் கணினிக் கூடங்களில் பிள்ளைகள் கற்பது விண்டோஸுக்குப் பதிலான கைட் க்னூ லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில். எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள். இதுபோன்ற லினக்ஸ் தொகுப்புகளில் ஒரு நன்மை, பட நூலகத்தின் ஒரே பிரதியைப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஒன்றைத் திருத்தினால் பெரும்பாலானவை திருந்திவிடும். நான் மேலே சொன்ன ‘பல பிரதி’ தொல்லை அங்கே குறைவு. அதற்காக லினக்ஸில் ஓட்டையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லினக்ஸில் திரையை வரையும் எக்ஸ் விண்டோ அமைப்பின் எழுத்துரு நூலகத்தில் 1991ஆம் ஆண்டு நுழைந்த ஒரு பிழை 2014 ஜனவரியில்தான் திருத்தப்பட்டது. மூலநிரல் எல்லோர் கண்முன்னும் திறந்து கிடந்தும் இருபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பார்க்கவில்லை. கடைசியில் நிரலைத் தானாகச் சோதிக்கும் ஒரு கருவி காட்டிக்கொடுத்தது. ஆகவே பள்ளிக்கூடக் கணினிக்கும் அப்டேட் வேண்டும். கோடை விடுமுறையில் கூடத்தைப் பூட்டிவிட்டு ஜூனில் திறக்கும்போது, பாடம் தொடங்குவதற்கு முன் முதல் வேலையாக அதைச் செய்தால் நன்று.

கைபேசியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2015இல் ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஒலி, ஒளி நூலகத்தில் ஓட்டை வெளிப்பட்ட பிறகுதான் கூகுள் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் சாம்சங் தன் பட நூலகத்தில் ஓர் ஓட்டையை அடைத்தது. படக்கோப்பு வழியாக அதைப் பயன்படுத்தி வேவு பார்த்த விவரம் அந்த ஆண்டு நவம்பரில்தான் உலகுக்குத் தெரிந்தது. ஏப்ரல் திருத்தத்தை ஏற்றவர்கள், ஆபத்து என்னவென்று தெரியாமலேயே தப்பித்திருந்தார்கள்.

இப்போது தங்களிடம் என் கோரிக்கை. எங்கே எத்தனை மணிக்கு மின்தடை என்று தாங்கள் தவறாமல் வெளியிடுகிறீர்கள். அணை நீர்மட்டம் வருகிறது. ஆழியாறு நிலவரத்தைப் பார்த்துத்தான் எங்கள் சித்தூர் வட்டத்து விவசாயிகள் நாற்று விடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். தேங்காய், கொப்பரை விலை வருகிறது. அதே பக்கத்தில் மாதம் ஒரு முறை, கை அகலத்தில் ஒரு பெட்டிச் செய்தி கொடுங்கள். நாள் குறிப்பதும் எளிது. 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்காவில் காலை என்றால் நமக்கு இரவு. புதன்கிழமை தங்கள் செய்தியாளர் பார்த்து எழுதினால் வியாழக்கிழமை காலை இதழில் வந்துவிடும். மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஓட்டைகளைப் பற்றிய அறிவிப்புகளை ஆங்கிலத்தில் வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் தமிழில் தருவதற்கு ஆள் வேண்டும். அந்த வேலையைத் தமிழ்ப் பத்திரிகை செய்யாமல் வேறு யார் செய்வது?

அந்தப் பெட்டியில் பயமுறுத்தும் சொற்கள் வேண்டாம். இந்த மாதம் எந்த எந்த மென்பொருளுக்குத் திருத்தம் வந்திருக்கிறது, அதில் ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்பட்டுக்கொண்டிருப்பது எது, திருத்தத்தால் அச்சு இயந்திரம் போன்றவற்றில் கோளாறு வந்ததாக மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டிருக்கிறதா, வந்திருந்தால் மாற்றுத் திருத்தம் எப்போது என்ற விவரங்கள் போதும். நீலத்திரை பயத்தில் அணைத்து வைத்திருப்பவர்கள் மீண்டும் திறப்பதற்கு அந்தக் கடைசி விவரம் மிகவும் உதவும். தம் கணினியில் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் ஒவ்வொரு முறையும் போடுங்கள். போன மாதம்தானே போட்டோம் என்று விட்டுவிட வேண்டாம். விண்டோஸில் ‘அமைப்புகள்’ பகுதிக்குள் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் வரலாறு. அங்கே கடைசித் தேதி தெரியும். ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘கைபேசியைப் பற்றி’ என்ற பகுதியில் பாதுகாப்பு அப்டேட் தேதி இருக்கும். அந்தத் தேதி ஓர் ஆண்டுக்கு முந்தையதாக இருந்து, புதிதாக எதுவும் வருவதும் நின்றிருந்தால், அந்தக் கைபேசியில் வங்கிச் செயலியை வைத்திருக்க வேண்டாம் என்று துணிந்து எழுதலாம்.

முதல் பெட்டியை விண்டோஸ் 10 பற்றியே தொடங்கலாம். இங்கே கடைகளிலும் வீடுகளிலும் இன்னும் மிகுதியாக ஓடுவது அதுதான். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுக் கணினி வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பதிவு செய்யாத கணினிக்குத் திருத்தம் இறங்காது. இறங்கவில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணினிகள் பலவற்றை அது ஏற்பதில்லை. அந்தக் கணினிகளைத் தூக்கி எறியத் தேவையில்லை; லினக்ஸ் போட்டால் அவற்றில் பல நன்றாகவே ஓடும், பள்ளிப் பிள்ளைகளே போட்டுக் கொடுப்பார்கள். பதிவு செய்வதற்கான வழியைப் படிப்படியாகத் தமிழில் எழுதிக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். தாங்கள் இடம் ஒதுக்குவதாகச் சொன்னால் அடுத்த தபாலிலேயே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. நிலையம் நடத்தும் வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.